எவ்வளவு கொடுக்கணும்? காணிக்கை எண்ணும் மேசையில் கேட்ட கேள்விகள்

வடசென்னையில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பதினோரு வருடம் பொருளாளராக இருந்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தின் பக்க அறையில், உட்கார்ந்து காணிக்கை எண்ணுவோம். கசங்கிய பத்து ரூபாய் நோட்டுகளை நீவி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே யாராவது வாசலில் வந்து நின்று, "அண்ணா, ஒரு சந்தேகம்" என்பார்கள். போதகரிடம் கேட்கக் கூச்சம், என்னிடம் கேட்கக் கூச்சமில்லை. பக்கத்துப் பங்கின் கத்தோலிக்க நண்பர்களும், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் உறவினர்களும் அதே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள்.

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. வேதத்தில் இருப்பதை வேதம் என்றும், என் கருத்தை என் கருத்து என்றும் சொல்லியிருக்கிறேன்.

"அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. ஒரு கிறிஸ்தவன் எவ்வளவு கொடுக்கணும்?"

புதிய ஏற்பாட்டில் இதற்கு ஒரு சதவீதம் கிடையாது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது 'வரவுக்குத் தக்கதாக' என்கிறார் (1 கொரிந்தியர் 16:2). அடுத்த நிருபத்தில், விசனமும் கட்டாயமும் இல்லாமல் அவனவன் 'தன் மனதில் நியமித்தபடியே' கொடுக்கட்டும் என்கிறார் (2 கொரிந்தியர் 9:7). வரவு ஒன்று, மனது ஒன்று. அளவுகோல் இந்த இரண்டுதான்.

நடைமுறைக்கு ஒரு எண் வேண்டுமென்றால், பத்தில் ஒன்று நல்ல தொடக்கம் என்பேன். ஆனால் மாதம் 15,000 சம்பாதிப்பவர் 1,500 எடுத்து வைத்தால் வீட்டில் பால் பாக்கெட்டை நிறுத்த வேண்டிவரும். 3 லட்சம் சம்பாதிப்பவர் 30,000 கொடுத்த பிறகும் கையில் 2,70,000 இருக்கும். முன்னவருக்கு அது மிக அதிகம், பின்னவருக்கு ரொம்பக் குறைவு.

"தசமபாகம், தசமபாகம்ங்கறாங்களே, அது எங்கேருந்து வந்துச்சு?"

ஆபிரகாம் போரில் மீட்டுவந்ததில் பத்தில் ஒரு பங்கை சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தார் (ஆதியாகமம் 14). யாக்கோபும் பெத்தேலில் அப்படிப் பொருத்தனை பண்ணினார். சட்டமாக வந்தது மோசேயின் காலத்தில். தானியம், திராட்சரசம், எண்ணெய், ஆடுமாடு என்று நிலத்திலும் மந்தையிலும் விளைந்ததில் பத்தில் ஒன்று. ஆராதனை வேலைக்கென்று பிரிக்கப்பட்டு, சொந்த நிலம் ஒதுக்கப்படாத லேவியருக்கு அது பிழைப்பு. அந்த லேவியரும் தங்களுக்கு வந்ததில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும் (எண்ணாகமம் 18).

நம் பிரசங்கங்களில் அதிகம் வராத பகுதி உபாகமம் 14-இல் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒரு பங்கு எருசலேமுக்குப் போகாது, அந்தந்த ஊரிலேயே வைக்கப்படும். லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து வயிறாரச் சாப்பிட வேண்டும். இதுபோக, அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது (லேவியராகமம் 19). ஏழை விதவையான ரூத் பொறுக்கியது அந்தக் கதிர்தான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தேவபக்தியுள்ள ஒரு இஸ்ரவேல் விவசாயி கொடுத்தது பத்து சதவீதத்தைத் தாண்டியே இருக்கும்.

"அது பழைய ஏற்பாடு. நமக்கு இப்போ கட்டாயமா இல்லையா?"

சபைக்குச் சபை பதில் மாறும். பல பெந்தெகொஸ்தே சபைகளில் கட்டாயம் என்றே போதிக்கிறார்கள். சி.எஸ்.ஐ.யில் மாதச் சந்தா, காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை என்று இருக்கிறது. தசமபாகம் கொடுப்போர் கொடுக்கிறார்கள், கொடுக்காதவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசிய இடம் மத்தேயு 23:23. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒன்று கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று பரிசேயரைக் கடிந்துகொள்கிறார். இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக் கூடாது என்றும் சொல்கிறார். கேட்டவர்கள் நியாயப்பிரமாணத்தின் கீழ் இருந்த யூதர்கள். புறஜாதிச் சபைகளுக்கு அப்போஸ்தலர்கள் எழுதிய நிருபங்களில் தசமபாகம் கொடுங்கள் என்ற கட்டளை ஒன்றுகூட இல்லை. மேற்கத்திய திருச்சபையில் அது சபைச் சட்டமாக வந்த ஆரம்ப இடங்களில் ஒன்று, 585-ஆம் ஆண்டில் இன்றைய பிரான்ஸின் மக்கோன் என்ற ஊரில் கூடிய சங்கம். ஆகவே கட்டாயம் இல்லை என்பது என் முடிவு. ஆனால் 'கட்டாயமில்லை' என்று கேட்டதும் முகம் மலர்ந்து போகிறவர்கள் பத்துக்குக் குறைப்பார்களே தவிர, பத்துக்கு மேலே போனதை நான் பார்த்ததில்லை.

"எங்க பங்குல ஃபாதர் தசமபாகம் பத்திப் பேசறதே இல்லையே. கத்தோலிக்கருக்கு விதி கிடையாதா?"

சதவீதம் கிடையாது, கடமை உண்டு. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 222-ஆம் எண் இரண்டு கடமைகளைச் சொல்கிறது. ஒன்று, திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது. இன்னொன்று, சமூக நீதியை வளர்த்து, சொந்தப் பணத்திலிருந்து ஏழைகளுக்கு உதவுவது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது. தவக்காலத்தில் செபம், நோன்பு, தர்மம் மூன்றும் சேர்ந்தே வரும். இறைச்சியை விட்டதில் மிச்சமான காசு ஏழைக்குப் போக வேண்டும் என்பது அதன் உள்ளர்த்தம்.

சென்னையில் பல பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருக்கிறார்கள். 1833-இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கியது. ஏழையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு உதவுவது இவர்கள் வழக்கம். வேறு சபைக்காரனாக இருந்தும் இவர்களிடம் நான் கற்றுக்கொண்டது அதிகம்.

"கிராஸ் சம்பளத்துலயா, கைக்கு வர்றதுலயா?"

ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் எல்லாரும் கேட்பது. வேதத்தில் சம்பளச் சீட்டு இல்லை, எதில் வேண்டுமானாலும் போடுங்கள். கைக்கு வருவதில் கணக்குப் போட்டால், பின்னாளில் பி.எஃப். மொத்தமாக வரும்போது அதையும் வரவாகச் சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். அவ்வளவுதான்.

"சபைக்கு மாசாமாசம் ஒழுங்கா கொடுத்துடறேன். ஏழைங்களுக்குத் தனியா வேற கொடுக்கணுமா?"

இந்தப் பக்கத்தையே நான் எழுத உட்கார்ந்தது இந்தக் கேள்விக்காகத்தான். ஆமாம், கொடுக்க வேண்டும். சபைக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று பொருளாளராக இருந்தவன் சொல்கிறேன்: போதகர் சம்பளம், கோயில்பிள்ளை (ஆலய வேலைக்காரர்) சம்பளம், கரண்ட் பில், பெயின்ட், ஸ்பீக்கர், திருமண்டலத்துக்குச் செலுத்தும் பங்கு. எல்லாம் தேவைதான். நாம் உட்காரும் ஃபேனுக்கு நாம்தான் காசு கட்ட வேண்டும். ஆனால் நாம் அனுபவிக்கும் ஒன்றுக்குக் கட்டும் பணத்தை தர்மக் கணக்கில் எழுதுவது சரியில்லை. எங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறு எடுக்கும் ஏழைகள் நிதிதான் நேராக வெளியே போகும். முதல் முறை ஒரு வருடக் கணக்கை எடுத்து, மொத்த வரவில் அது எத்தனை பங்கு என்று பார்த்தேன். நூற்றுக்கு நான்குகூட இல்லை. அந்த வருடம்தான் வாசலில் கிரானைட் போட்டோம்.

ஆதிச் சபையில் இப்படி இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போது, வசதியுள்ளவர்கள் மனதுக்குத் தோன்றியபடி கொடுப்பார்கள், அது அனாதைகளுக்கும், விதவைகளுக்கும், நோயாளிகளுக்கும், சிறையில் இருப்பவர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் போகும் என்று எழுதியிருக்கிறார். அப்போது அவர்களுக்குக் கட்டடம் இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதற்கு ரசீது போட்டவன்.

வீட்டில் இரண்டு கவர் வையுங்கள். ஒன்று சபைக்கு, ஒன்று ஏழைக்கு. பத்து சதவீதம் கொடுப்பவரானால் ஆரம்பத்தில் ஆறும் நாலுமாகப் பிரிக்கலாம். இரண்டாவது கவர் மாதக் கடைசியில் தொடாமல் இருந்தால், அந்த மாதம் நம் கண்ணில் ஒரு ஏழையும் படவில்லை என்று அர்த்தம். சென்னையில் அது நடக்க வாய்ப்பே இல்லை.

"மல்கியாவுல 'வானத்தின் பலகணிகளைத் திறப்பேன்'னு இருக்கே. கொடுத்தா பலமடங்கு திரும்ப வரும்னு பாஸ்டர் சொல்றாரே?"

மல்கியா 3:10 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே வசனத்தில் 'என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி' என்று இருக்கிறது. பண்டசாலையில் தானியம் இல்லாமல் லேவியர் பட்டினி கிடந்த காலம் அது. இன்னும் ஐந்து வசனம் மேலே போய் 3:5-ஐப் படியுங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள் மேல் தேவன் நேரே வழக்கு தொடுக்கிறார். பத்தாம் வசனத்தை பேனரில் அடிக்கிறவர்கள் ஐந்தாம் வசனத்தை அடித்து நான் பார்த்ததில்லை.

ஆயிரம் போட்டால் பத்தாயிரம் வரும் என்று எண்ணிப் போட்டால் அது சீட்டுக் கம்பெனி. வராதபோது ஜனங்கள் தங்கள் விசுவாசத்தையே குறை சொல்லிக்கொள்கிறார்கள், அதுதான் வேதனை. காணிக்கையை விதையாக விதைத்தால் பலமடங்கு அறுக்கலாம் என்று சொன்னதை நம்பி நகையை அடகு வைத்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அடகு மூழ்கிப்போனது.

"எனக்கே ஒண்ணும் இல்ல. வாங்குற பன்னெண்டாயிரத்துல வாடகையே ஆறாயிரம். நானும் கொடுக்கணுமா?"

முதல் பதிலில் சொன்னதைப் பாருங்கள். பவுல் இன்னும் வெளிப்படையாக 2 கொரிந்தியர் 8:12-இல் சொல்கிறார்: இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும். நீங்கள் வாங்கவேண்டிய இடத்தில் இருந்தால் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏழைகள் நிதி உங்களுக்காகவும்தான்.

இரண்டு காசு போட்ட விதவையின் கதையை (மாற்கு 12) சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்தினால், அந்தக் கதைக்கு முந்தின வசனம் என்ன என்று கேளுங்கள். 'விதவைகளின் வீடுகளைப் பட்சித்து' நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரை இயேசு கண்டித்த கையோடுதான் அவள் வருகிறாள். அவளை அவர் மெச்சினார், உண்மை. அவளிடமிருந்து கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஏற்பாட்டை அவர் மெச்சினதாக நான் படிக்கவில்லை. எங்கள் பாட்டி திருநெல்வேலிப் பக்கம். உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார், மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். இல்லாத வீட்டிலும் கொடுக்க முடிந்தது அப்படித்தான். யாரும் அதில் சதவீதம் பார்த்ததில்லை.

"கடன் இருக்கு. கடனை அடைக்கிறதா, காணிக்கை கொடுக்கறதா?"

எந்தக் கடன் என்பதைப் பொறுத்தது. வீட்டுக் கடன் இருபது வருடம் ஓடும். அது முடியட்டும் என்று காத்திருந்தால் ரிட்டயர் ஆகிவிடுவீர்கள். அதைச் செலவுகளில் ஒன்றாக வைத்துவிட்டு மிச்சத்தில் கொடுங்கள். அஞ்சு வட்டி, பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால் முதலில் அதை அடையுங்கள். ரோமர் 13:8 ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிறது. அடுத்தவனுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தட்டில் போடுவதில் என்ன பெருமை இருக்கிறது? அதுவரை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க ஒரு சின்னத் தொகை போதும்.

இன்னொரு வகைக் கடன், அறுப்பின் பண்டிகை ஏலம். ஒரு பூசணிக்காய் மூவாயிரம் ரூபாய்க்குப் போகும். மைக்கில் பேர் சொல்லும்போது உற்சாகமாகக் கை தூக்கிவிட்டு, அடுத்த மூன்று மாதம் என்னைக் கண்டால் சந்து மாறிப் போனவர்கள் உண்டு. கையில் காசு இருந்தால் மட்டும் கை தூக்குங்கள்.

"ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு மாசம் எட்டாயிரம் அனுப்பறேன். அது தசமபாகத்துல சேருமா?"

சேராது. ஆனால் அது அதைவிட முந்தின கடமை. மாற்கு 7-இல் இயேசு 'கொர்பான்' என்ற பழக்கத்தைச் சாடுகிறார்: தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கையாக்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிப்பது. தன் வீட்டாரை விசாரிக்காதவன் 'அவிசுவாசியிலும் கெட்டவன்' என்று பவுலும் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:8). எட்டாயிரத்தை வரவிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தில் கணக்குப் போடுங்கள் என்பது என் யோசனை.

சித்தப்பா மகளின் காலேஜ் ஃபீஸ், விதவையான அத்தையின் மருந்துச் செலவு என்றால் அது வேறு. சொந்தக்காரர் என்பதால் ஏழை ஏழை இல்லாமல் போய்விடுவதில்லை. இரண்டாவது கவரிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

"வீட்டு வேலை செய்யற அக்காவுக்கு பழைய புடவை, மிச்ச சாப்பாடு, கிறிஸ்மஸுக்கு போனஸ் எல்லாம் கொடுக்கறோம். அது தர்மம்தானே?"

முதலில் சம்பளத்தைச் சொல்லுங்கள். நம் தெருவில் மற்றவர்கள் கொடுப்பதற்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் புடவையாகக் கொடுப்பதற்குப் பேர் தர்மம் இல்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19:13 சொல்கிறது. பிடித்து வைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4). ஊருக்குப் போன பத்து நாளுக்குச் சம்பளம் பிடிக்கும் வீட்டில் தசமபாகம் ஒழுங்காகப் போவதைப் பார்த்திருக்கிறேன். மல்கியா 3:5 மறுபடியும் ஞாபகத்துக்கு வருகிறது.

போனஸ் வழக்கமாகிவிட்ட ஊர் இது, அதுவும் கூலியில் சேர்த்திதான். அவருடைய பையனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தீர்களா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செலவைப் பகிர்ந்தீர்களா, அதைக் கவரில் எழுதிக்கொள்ளுங்கள்.

"சிக்னல்ல கை நீட்டறவங்களுக்குக் கொடுக்கலாமா? வாங்கிட்டுப் போய் குடிக்கிறாங்களே?"

'உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு' என்று மத்தேயு 5:42-இல் நிபந்தனை இல்லாமல் இருக்கிறது. நாலாம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தோம், பிச்சை கேட்பவனைக் குறுக்கு விசாரணை செய்கிறவர்களைக் கடுமையாகத் திட்டியிருக்கிறார். ஏழைக்குத் தகுதி அவன் தேவை ஒன்றே என்பது அவர் வாதம். நாமும் சம்பளத்தை என்ன செய்கிறோம் என்று யாருக்கும் கணக்குக் கொடுப்பதில்லை.

ஆனாலும் பணமாகவே கொடுக்க வேண்டும் என்று இல்லை. அம்மா உணவகங்கள் 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்துவிட்டுப் போக எனக்கு இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம்தான் எனக்குக் கஷ்டம், காசு இல்லை. தெருவில் தூங்குகிறவர்களுக்கு மாநகராட்சி நடத்தும் இரவுக் காப்பகங்களும் இருக்கின்றன. குழந்தையை வைத்துப் பிச்சை எடுத்தால் மட்டும் நான் காசு கொடுப்பதில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் செய்வேன். இது என் பழக்கம், நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

"நம்ம ஆளுங்களுக்கு மட்டும் கொடுத்தா போதாதா?"

கலாத்தியர் 6:10-ஐ வைத்துக் கேட்பார்கள்: 'விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்.' அதற்கு முந்தின சொல் 'யாவருக்கும்'. இயேசு சொன்ன கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்காகச் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தபோது, அடிபட்டவன் எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்கவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, முடிச்சூர் பக்கம் தண்ணீர் ஏறியபோது பள்ளிவாசல், கோயில், சர்ச் எல்லாம்தான் கதவைத் திறந்தன. அன்று சோற்றுப் பொட்டலத்தில் மதம் எழுதியிருந்தால் யார் வாங்கியிருப்பார்கள்?

பொட்டலத்தோடு கைப்பிரதி வைக்கலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பசியோடு இருப்பவர் அதை மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார். அப்போது நீட்டுவது நியாயமில்லை.

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் பார்த்தோம்: உதவி என்ற பேரில் வந்த பழைய துணி மூட்டைகள் தெருவோரம் மலை மாதிரி குவிந்து நனைந்து நாறின. கிழிந்த துணியைக் கொடுப்பது நம் பீரோவுக்குச் செய்யும் உதவி.

"ரசீது வாங்கி வரிக் கழிவு எடுத்தா பலன் போயிடுமா?"

போகாது. மிச்சமாகும் வரியையும் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத்தான், புதிய முறையில் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. அதற்கான அங்கீகாரம் உள்ள அமைப்பா என்று பாருங்கள். வழிபாட்டுக்காக மட்டும் இருக்கும் சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்குப் பொதுவாகக் கழிவு இல்லை.

"பேர் போடறதுல என்ன தப்பு? நாலு பேர் பார்த்துக் கொடுப்பாங்க இல்ல?"

எங்கள் கோயிலில் ஒரு டியூப்லைட்டில் 'அன்பளிப்பு' என்று மூன்று தலைமுறைப் பேரை எழுதியிருந்தார்கள், வெளிச்சம் வர இடம் இல்லை. வலதுகை செய்வதை இடதுகை அறிய வேண்டாம் என்று மத்தேயு 6:3 இருக்கும்போது நான் வேறு என்ன சொல்ல? கட்டடத்தில் பேர் இருந்தால்கூட விட்டுவிடலாம். ஏழை கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. வாங்கினது அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிய வேண்டுமா?

"நான் கொடுக்கற பணம் ஒழுங்கா போய்ச் சேருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

கேளுங்கள். எருசலேம் ஏழைகளுக்குப் பணம் திரட்டியபோது பவுலே தனியாக அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்தவர்களைக் கூட அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:19-21). அப்போஸ்தலனே கணக்குக் காட்டினார் என்றால் மற்றவர்களுக்கு என்ன?

தணிக்கை செய்த வருடக் கணக்கைக் கேளுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-இன் சிறார் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள், ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பாருங்கள். ஒருமுறை பிள்ளைகளின் போட்டோ ஆல்பத்தோடு ஒருவர் எங்கள் சபைக்கு வந்தார். அழகான ஆல்பம். கணக்குப் புத்தகத்தை அடுத்த வாரம் கொண்டுவருகிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. சபையிலும் இதே கேள்வியைக் கேளுங்கள், கோபப்பட்டால் கூடுதலாகக் கேளுங்கள். நான் பொருளாளராக இருந்தபோது என்னிடமும் கேட்டார்கள். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் பழகிவிட்டது.

"வீட்டுக்காரருக்குத் தெரியாம கொடுக்கலாமா?"

உங்கள் சொந்தச் சம்பாத்தியம் என்றால் அது உங்கள் முடிவு. ஆனாலும் ஒளித்துக் கொடுப்பது ஒரு நாள் வெடிக்கும். சபைக்குக் கொடுக்க மறுக்கும் கணவர்கள் பலர், 'இந்தப் பையனுக்கு ஃபீஸ் கட்டலாம்' என்றால் உடனே சரி என்கிறார்கள். இரண்டாவது கவரிலிருந்து பேச்சைத் தொடங்கிப் பாருங்கள்.

"தப்பான வழியில வந்த பணத்தைக் காணிக்கையா போட்டா சரியாயிடுமா?"

லஞ்சமோ, அளவில் அடித்ததோ, அதன் சொந்தக்காரருக்கு முதலில் போக வேண்டும். வரி வசூலித்த சகேயு பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பேன் என்றதோடு நிற்கவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார் (லூக்கா 19:8). பாதி தர்மம், நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தல், இரண்டும் தனித்தனி. யாரிடம் வாங்கினோம் என்றே தெரியாத பணமானால் ஏழைக்குப் போகட்டும். ஆனால் அதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை என்று பேர் எழுத வேண்டாம்.

"எல்லாத்தையும் வித்து தரித்திரருக்குக் கொடுன்னு இயேசு சொன்னாரே. அப்போ பத்து பர்சென்ட்ன்னு பேசறதே ஏமாத்து வேலை இல்லையா?"

காலேஜ் படிக்கும் பையன் ஒருவன் கேட்டான், எண்ணிக்கொண்டிருந்த கணக்கு எனக்குத் தப்பிப்போனது. மாற்கு 10-இல் அந்த ஐசுவரியவானிடம் அப்படிச் சொன்னவர், பாதி கொடுத்த சகேயுவிடம் மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. மார்த்தாளின் வீட்டில் சாப்பிட்டார், வீட்டை விற்கச் சொல்லவில்லை. நிலத்தை விற்று விலையில் ஒளித்த அனனியாவிடமும் பேதுரு, விற்பதற்கு முன் அது உன்னுடையதுதானே என்கிறார் (அப்போஸ்தலர் 5:4). குற்றம் பொய்யில் இருந்தது. இது எல்லாருக்குமான சட்டம் இல்லை என்பதற்கு இவ்வளவு சான்று இருக்கிறது.

இதை அவனிடம் சொன்னேன். "அது நமக்கில்லன்னு எல்லாரும் இவ்ளோ சீக்கிரம் கண்டுபிடிச்சிடறோமே அங்கிள்" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

"சரி, அப்போ நமக்குன்னு எவ்வளவு வச்சுக்கலாம்?"

பதினெட்டாம் நூற்றாண்டில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு கணக்குச் சொன்னார். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வாலிபருக்கு வருடம் 30 பவுண்டு வருமானம். 28-இல் வாழ்ந்து 2-ஐக் கொடுத்தார். அடுத்த வருடம் 60 வந்தது. அதே 28-இல் வாழ்ந்து 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. சம்பளம் ஏறியது, சாப்பாடு ஏறவில்லை.

சென்னையில் வாடகையும் பள்ளி ஃபீஸும் ஏறுகிற வேகத்தில் 28-இலேயே நிற்க முடியாது, தெரியும். ஆனால் இன்க்ரிமென்ட் வரும் மாதம் மட்டும் இதைச் செய்யலாம்: ஏறினதில் பாதியை, செலவு அதற்குப் பழகிவிடும் முன்பே, இரண்டாவது கவருக்கு மாற்றிவிடுங்கள். ஏப்ரலில் மாற்றாவிட்டால் ஜூனில் அந்தப் பணம் ஒரு ஈ.எம்.ஐ. ஆகியிருக்கும்.

"இவ்வளவு பேசறீங்களே, நீங்க எவ்வளவு கொடுக்கறீங்க?"

சபைச் சந்தா அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கவரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். டியூப்லைட்டைக் கிண்டல் பண்ணிவிட்டு இங்கே என் தொகையை எழுதினால் என் மனைவி சிரிப்பாள்.